நட்டப்படும் உரிமை

1989ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பெண்களின் வாழ்வில் இரண்டு காரியங்கள் நடந்தன. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழக அரசு கொண்டுவந்த திருத்தம் அந்த ஆண்டு மார்ச் 25 முதல் செல்லுபடியாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில், இன்றைய கிருஷ்ணகிரியையும் சேர்த்து ஒன்றாயிருந்த தர்மபுரி மாவட்டத்தில், மாநிலத்தின் முதல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியம் பணம் தந்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பொறுப்பேற்றது. இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. தொண்டு நிறுவனப் பணியாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்தார்கள். குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையை நபார்டு வங்கி நாட்டளவில் தொடங்கியதே 1992இல்தான். 1997-98இல் ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் தர்மபுரி முயற்சி தமிழ்நாடு முழுவதற்கும் போனது.

ஒன்று சொத்தைப் பற்றியது, மற்றொன்று கடனைப் பற்றியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. கடன் பெண்ணிடம் வந்து சேர்ந்துவிட்டது. சொத்து பெரும்பாலான வீடுகளில் இன்னும் வந்து சேரவில்லை. பெண்கள் தொழில் நடத்துவதைப் பற்றியும், நிறுவனங்களுக்குத் தலைமை ஏற்பதைப் பற்றியும் நம் மனத்தில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள, இந்த வேறுபாடு ஒன்றே போதும்.

தர்மபுரியில் குழு தொடங்கிய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மானாவாரி நிலம், மழை பொய்த்தால் கேழ்வரகும் இல்லை. பெண் குழந்தை பிறந்தாலே பாரம் என்று நினைத்த வீடுகள் இந்த மாவட்டத்தில் இருந்தன. பெற்றவர்கள் வேண்டாம் என்று விடும் குழந்தையை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தர்மபுரிக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊர்களில்தான் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஓர் இடத்தில் கூடி, வாரம் தவறாமல் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, வட்டி வாங்கி, தீர்மானப் புத்தகம் எழுதி, ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுத்து, வங்கிப் படியேறினார்கள். எழுதத் தெரியாதவர்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே குழுவுக்காகத்தான். இந்தப் பெண்கள் செய்த காரியத்தின் பெருமையை யாரும் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஏழைக்குக் கொடுத்தால் திரும்பாது என்று நம்பிக்கொண்டிருந்த வங்கிகளின் எண்ணத்தை அவர்கள் மாற்றினார்கள்.

அந்த நேர்மைக்கு நாம் என்ன கைம்மாறு செய்தோம் என்பதுதான் கேள்வி. ‘குழு லோன் எடுத்துக் குடு’ என்று வீட்டில் கேட்கிறார்கள். அவள் பெயரில் வாங்கிய பணம் கணவனின் வண்டிக்கும், மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கும், கொழுந்தன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகிறது. தவணை நாள் வந்தால் அவள்தான் ஓடுகிறாள். பெண் தட்டாமல் திருப்பிக் கட்டுவாள் என்று தெரிந்துகொண்ட தனியார் நுண்கடன் நிறுவனங்களும் அவள் வாசலுக்கே வந்தன. வசூல் நெருக்கடி முற்றிப்போய், கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அவளுடைய நாணயம் ஊரறிந்தது. அந்த நாணயத்தை நாம் கடனுக்கான ஈடாக மட்டும் பயன்படுத்திக்கொண்டோம்.

அதே பெண் தனியாக ஒரு மாவு மில்லோ, புளி வியாபாரமோ, சிறுதானியத் தின்பண்டத் தொழிலோ தொடங்க வேண்டும் என்று பெரிய தொகைக்குப் போய் நின்றால், ‘வீட்டுக்காரர் வரலையா?’ என்று கேட்கிறார்கள். குழுவில் இருபது பேருக்கும் கணக்குச் சொன்னவளிடம், அவளுக்குச் சொந்தமான ஒரு தொழிலுக்குக் கணவனின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். ஈடாகக் காட்ட நிலம் வேண்டும் என்கிறார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டில் உள்ள பண்ணைப் பிடிமானங்களில் பெண்கள் பெயரில் இருந்தவை நூற்றுக்குப் பதினான்கு அளவில்தான். வயலில் களையெடுப்பவர்களையும் நாற்று நடுபவர்களையும் எண்ணியிருந்தால் கணக்கு வேறாக வந்திருக்கும்.

1989இன் மற்றொரு காரியம், அதாவது மகளின் சொத்துரிமை, என்னவாயிற்று என்பதற்கு விடை சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது அக்கா தங்கைகளை வண்டி வைத்து அழைத்துவந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். ‘கல்யாணத்துக்குச் செஞ்சாச்சு, சீர் செஞ்சாச்சு, இனி என்ன?’ என்ற பேச்சு முன்பே முடிந்திருக்கும். கேட்டால் அண்ணன் உறவு அறுந்துபோகும், தாய்வீட்டு வாசல் அடைபடும் என்ற அச்சத்தில் அவளும் போட்டுவிடுகிறாள். 2005இல் நாடு முழுவதற்கும் இதே உரிமையை நாடாளுமன்றம் தந்தது. தந்தை எப்போது இறந்திருந்தாலும் பிறப்பாலேயே மகளுக்குப் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்துச் சொன்னது. சட்டம் தந்ததைக் குடும்பம் ஒரு பத்திரத்தில் திருப்பி வாங்கிக்கொள்கிறது. பெண்ணின் கையெழுத்தை நாம் ஆவலோடு தேடிப்போகும் இடங்கள் இரண்டே: கடன் வாங்கும் இடம், சொத்தை விட்டுக்கொடுக்கும் இடம். தொழில் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் முதலைப் போட்டு முடிவெடுக்கும் இடம். அங்கே அவள் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்றால், தலைமையைப் பற்றிப் பேசுவது வெறும் மேடைப் பேச்சாகத்தான் முடியும்.

படிக்காத ஏழைக் குடும்பங்களின் குறை இது என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. தமிழகத்தின் மிகப் பழைய தொழில் குடும்பங்களில் ஒன்றான முருகப்பா குழுமத்தில் நடந்ததை நாடே பார்த்தது. எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவருக்கு மகன் இல்லை. அவருடைய மூத்த மகள் வள்ளி அருணாசலம் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அந்தக் கிளைக்கு எட்டு விழுக்காட்டுக்கு மேல் பங்கு இருந்தது. இயக்குநர் குழுவில் ஓர் இடம் வேண்டும் என்று அவர் கேட்டார். 2020 செப்டம்பரில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் 91 விழுக்காட்டுக்கு மேல் எதிர்த்து வாக்களித்து அந்தக் கோரிக்கையைத் தோற்கடித்தார்கள். பெண் என்பதே காரணம் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. குடும்பத்தின் உள்விவகாரங்கள் முழுவதும் வெளியாருக்குத் தெரியாது. 2023 ஆகஸ்டில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. யார் பக்கம் நியாயம் எவ்வளவு என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்தச் செய்தியைப் படித்த தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தங்கள் வீட்டுப் பாகப் பிரிவினை நினைவுக்கு வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். தொகையில் வேறுபாடு இருக்கலாம். மகளை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வி ஒன்றுதான்.

இதே மாநிலத்தில்தான் ஏ. சிவசைலம் தன் மகள் மல்லிகா ஸ்ரீநிவாசனை 1986இல் டாஃபே நிறுவனத்துக்குள் அழைத்துவந்து பொறுப்புகளை ஒவ்வொன்றாக ஒப்படைத்தார். டிராக்டர் செய்து விற்கும் தொழில் அது. வாங்குபவர் ஆண், விற்பவர் ஆண், பழுதுபார்ப்பவரும் ஆண் என்று இருந்த துறை. அவர் தலைமையில் அது உலகின் பெரிய டிராக்டர் நிறுவனங்களின் வரிசையில் நிற்கிறது. மகளுடைய திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். தந்தை முடிவெடுக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார் என்பதை நாம் கவனிப்பதில்லை.

மற்ற நாடுகளில் எல்லாம் நன்றாக இருக்கிறது, நாம்தான் பின்தங்கிவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. ஐரோப்பாவைப் பார்த்து ஏங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சில் திருமணமான பெண் கணவனின் ஒப்புதல் இல்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்கவும் வேலைக்குப் போகவும் 1965இல்தான் முடிந்தது. மேற்கு ஜெர்மனியின் குடிமைச் சட்டத்தில், குடும்பக் கடமைகளுக்குக் குந்தகம் இல்லாத அளவில்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி 1977 வரை இருந்தது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஒரு பெண் தொழில் கடன் வாங்க ஆண் உறவினரின் கையெழுத்து தேவைப்பட்டது. அந்த நிலையை முடித்துவைத்த சட்டம் 1988இல் வந்தது. தர்மபுரியில் முதல் குழுக்கள் கூடியதற்கு ஓராண்டு முன்பு! ‘வீட்டுக்காரர் வரலையா?’ என்ற கேள்வி எல்லா மொழிகளிலும் கேட்கப்பட்ட கேள்விதான். அங்கே அதைச் சட்டத்தால் வாயடைத்தார்கள். மனம் தானாகக் கனியும் என்று காத்திருக்கவில்லை.

நார்வே இதில் இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. பெரும் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஆண், பெண் இரு பாலரும் நூற்றுக்கு நாற்பதாவது இருக்க வேண்டும் என்று 2003இல் சட்டம் செய்தது. தொடக்கத்தில் நிறுவனங்கள் தாமாகச் செய்யட்டும் என்று விட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பிறகு 2008 தொடக்கம் வரை கெடு வைத்து, மீறினால் நிறுவனத்தையே கலைக்கலாம் என்றார்கள். தகுதியுள்ள பெண்கள் கிடைக்க மாட்டார்கள் என்று அதுவரை சொன்னவர்களுக்குக் கெடு நெருங்கியதும் கிடைத்துவிட்டார்கள். ஆனாலும் அன்றாட நிர்வாகத்தின் உச்சிப் பதவியில் அங்கேயும் பெண்கள் குறைவுதான். இந்தியாவிலும் 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பட்டியலிட்ட நிறுவனங்களும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பொது நிறுவனங்களும் ஒரு பெண் இயக்குநரையாவது வைத்திருக்க வேண்டும் என்றது. பல நிறுவனங்கள் முதலாளியின் மனைவியையோ மகளையோ பெயரளவில் உட்கார வைத்துக் கணக்கைச் சரிசெய்தன. அதனால் குடும்பத்தைச் சாராத, சுயேச்சையான பெண் இயக்குநர் வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி பிறகு பெரிய நிறுவனங்களுக்கு விதி செய்ய நேர்ந்தது. ஊராட்சித் தலைவர் பதவியில் மனைவியை நிறுத்திவிட்டு நாற்காலியில் கணவன் உட்காரும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

கானாவின் கதை வேறு வகை. அங்கே தக்காளிக்கும் சேனைக்கும் தனித்தனியே சந்தைத் தலைவிகள் இருக்கிறார்கள். சரக்கு வரத்தையும் வழக்குகளையும் தீர்த்துவைப்பவர்கள் அவர்களே. பெண் வியாபாரம் செய்வதா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. ஆனால் 1979இல் ஆட்சியைப் பிடித்த இராணுவத்தினர், விலைவாசி ஏற்றத்துக்கு இந்தப் பெண்களே காரணம் என்று பழிசுமத்தி, அக்ரா நகரின் மக்கோலா சந்தையை இடித்துத் தள்ளினார்கள். நாட்டின் பொருளாதாரச் சீர்குலைவுக்கு ஆயிரம் காரணங்கள் இருந்தன. தண்டனை வியாபாரம் செய்த பெண்கள் மேல் விழுந்தது. பெண் வெற்றி பெற்றாலும் அவள் மேல் சந்தேகம் வரும் என்பதற்கு அது சான்று.

இங்கேதான் நான் சொல்ல நினைத்த இடத்துக்கு வருகிறேன். பெண்ணால் உழைக்க முடியும் என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பழைய தர்மபுரியின் பகுதியான போச்சம்பள்ளியில், முழுக்கப் பெண்களாலேயே இயங்கும் வாகனத் தொழிற்சாலை என்று ஓலா நிறுவனம் 2021இல் அறிவித்தது. பெண்ணால் நேர்மையாகக் கணக்கு வைக்க முடியும் என்பதையும் குழுக்கள் காட்டிவிட்டன. நாம் இன்னும் ஒப்புக்கொள்ளாதது ஒன்றுதான். தன் புத்தியை நம்பி முதல் போட்டு, அது தவறிப்போனாலும் மறுபடி முயல அவளுக்கு உரிமை உண்டு என்பதை.

நம் ஊரில் ஆண் நட்டப்படுவதைப் பாருங்கள். தர்மபுரி வறண்ட மண். ஆயிரம் அடி ஆழத்துக்குப் போர் போடுகிறான், தண்ணீர் இல்லை. நகையை அடகு வைத்து இரண்டாவது போர் போடுகிறான், அதிலும் புகைதான் வருகிறது. ஊர் அவனை என்ன சொல்கிறது? ‘பாவம், அவன் நேரம் சரியில்ல’ என்கிறது. அடகில் போனது பெரும்பாலும் மனைவியின் நகை. பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையில் விலை வீழ்ந்து பறிகூலிக்கும் கட்டாமல் போகும்போது, விவசாயியின் அறிவை யாரும் குறை சொல்வதில்லை. சந்தையைக் குறை சொல்கிறோம், அதுதான் சரியும்கூட. தொழில் என்றால் ஏற்ற இறக்கம் உண்டு என்பது ஆணுக்கு எழுதப்படாத சலுகை.

ஒரு பெண் போட்ட ஊறுகாய் ஒரு தடவை பூசணம் பிடிக்கட்டும், வாங்கிய தையல் இயந்திரம் ஆறு மாதம் வேலையில்லாமல் கிடக்கட்டும். ‘அப்பவே சொன்னேன், இதெல்லாம் உனக்கு எதுக்குன்னு’ என்ற சொல் அன்று மாலையே வந்துவிடும். ஆணின் தோல்வி அவனுடைய நேரத்தின் மேல் போகிறது. பெண்ணின் தோல்வி அவள் பெண்மையின் மேலேயே ஏறுகிறது. இந்த ஒரு பேச்சுக்குப் பயந்துதான் குழுப் பெண்கள் பாதுகாப்பான தொழிலையே தேர்கிறார்கள்: ஒரு கறவை மாடு, இரண்டு ஆடு, வாசலில் ஒரு பெட்டிக்கடை. தொழில் ஏன் பெருகவில்லை என்று கூட்டங்களில் அவர்களையே கேட்கிறோம். உத்யம் தளத்தில் பதிவான சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களில் ஐந்தில் ஒன்று பெண்களுடையது. மொத்த விற்றுமுதலில் அவர்கள் பங்கு பத்தில் ஒன்றுதான் என்கிறது 2024இல் வந்த அரசுக் கணக்கு. தோற்க இடமில்லாதவள் வளர எங்கே போவாள்?

பெரியவர்கள் சிலர் இந்தப் பேச்சை எடுத்ததும் திருக்குறளில் ‘பெண்வழிச் சேறல்’ என்று ஓர் அதிகாரம் இருப்பதைச் சுட்டுவார்கள். இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. அதைக் காமத்துக்கு அடிமைப்பட்டவனைப் பற்றியது என்று கொள்வோரும் உண்டு. நான் அந்த விளக்கத்தைச் சாக்காகக் கொள்ள விரும்பவில்லை. ஒரு காலத்தின் சமூகப் பார்வை அதில் இருக்கிறது என்றே எண்ணுகிறேன். ஆனால் அதே பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்ற அதிகாரங்களும் இருக்கின்றன. ஒருவரை ஆராய்ந்து தேர்ந்த பிறகு வேலையை அவர் கையில் விட வேண்டும், தேறியவரைச் சந்தேகித்துக்கொண்டே இருப்பது ஓயாத கேடு என்ற அறிவு அவற்றில் இருக்கிறது. தர்மபுரிப் பெண்களை முப்பத்தைந்து ஆண்டுகளாக ஆராய்ந்துவிட்டோம். தவணை தவறாத ஏடுகள் வங்கியில் இருக்கின்றன. இதற்கு மேலும் சந்தேகிப்பவர் வள்ளுவரைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

தர்மபுரி பழைய தகடூர் மண். அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி தந்த கதையைப் பள்ளிக் குழந்தையும் சொல்லும். அதே அதியமான் தொண்டைமானிடம் ஔவையைத் தூது அனுப்பினான் என்பதை நாம் அவ்வளவு சொல்வதில்லை. கனி கொடுத்தது அன்பு. போர் வருமா வராதா என்று நிற்கும் நேரத்தில் நாட்டின் சார்பாகப் பேச அனுப்பியது நம்பிக்கை. அந்தத் தூது தோற்றிருக்கவும் கூடும். தெரிந்தேதான் அனுப்பினான். நம் அரசுகள் பெண்களுக்கு நிறையத் தருகின்றன. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்ததும் இந்த மாவட்டத்துத் தொப்பூரில்தான். மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு வீட்டுக்கு ஆறுதல், ஐயமில்லை. தொழிலுக்கு முதல் அதில் வராது. அது நிலத்திலிருந்தும் கடையிலிருந்தும் குடும்பச் சேமிப்பிலிருந்தும்தான் வர வேண்டும். அவை அரசு கையில் இல்லை, நம் கையில் இருக்கின்றன.

ஆகவே வீட்டுக்குள் செய்ய வேண்டியது எது என்று பார்ப்போம். நிலம் வாங்கும்போது அவள் பெயரில் வாங்கலாம். பத்து இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகையும் உண்டு. ஆனால் பத்திரத்தை அவள் பெயரில் எழுதிவிட்டு விற்பதையும் அடகு வைப்பதையும் நாமே முடிவு செய்தால் அது சலுகைக்காகப் போட்ட பெயர்தான். பாகம் பிரிக்கும் நாளில் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டாமல், அவளுக்கு உரிய பங்கை அளந்து கல் நடலாம். வேண்டாம் என்று அவள் சொன்னாலும், எதற்குப் பயந்து வேண்டாம் என்கிறாள் என்று கேட்கலாம். மல்பெரி இலை பறித்துப் புழுவுக்குப் போடுவது இரவு பகலாக அவள் வேலை என்றால், தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்கு நிற்பதும், விலை படியாவிட்டால் வேண்டாம் என்று சொல்வதும் அவள் வேலையாக இருக்கட்டும். பணம் அவள் கணக்குக்கு வரட்டும். மண்டியில் அப்பாவோடு உட்கார்ந்து சிட்டை எழுதும் மகளை, ‘நம்ம பொண்ணு, சும்மா ஒத்தாசைக்கு’ என்று வியாபாரிகளிடம் அறிமுகப்படுத்தாமல், இனி விலை பேச இவளிடம் பேசுங்கள் என்று ஒரு தந்தை சொல்லிவிட்டு எழுந்து போகலாம்.

அவள் முதல் வருடம் தவறான விலைக்குப் புளி வாங்கிக் குவித்துவிடுவாள். அல்லது கடன் கொடுக்கக் கூடாதவருக்குக் கொடுத்துவிடுவாள். நட்டம் வரும், அண்ணனுக்கு வந்ததைப் போலவே. அன்று இரவு சோறு போட்ட பிறகு, மகனிடம் எந்தக் குரலில் கேட்டிருப்போமோ அதே குரலில் அவளிடம் கேட்க வேண்டும்: ‘சரிம்மா, அடுத்த வருசத்துக்கு எவ்வளவு சரக்கு பிடிக்கலாம்னு இருக்கே?’